பள்ளி மணி காத்திருக்காது: நெரிசலில் கரையும் காலைப் பொழுது

ஒரே பள்ளியில் படிக்கும் இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்திக்கு வீட்டிலிருந்து பள்ளிக்கு எப்போதும் 40 நிமிடம். மற்றவளுக்குச் சில நாள் 20, சில நாள் 35, மழை பெய்தால் 60. சராசரி போட்டால் இரண்டாமவள்தான் கொடுத்துவைத்தவள் போலத் தெரியும். ஆனால் பள்ளி வாசலில் முகம் இறுகி இறங்குபவளும் அவள்தான். முதல் மாணவி வழியில் தூங்கியிருப்பாள், தோழியோடு பேசியிருப்பாள், வெறுமனே வேடிக்கை பார்த்திருப்பாள். இரண்டாமவள் வழி நெடுகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள்.

போக்குவரத்து நெரிசலில் இரண்டு சங்கடங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று தாமதம், மற்றது நிச்சயமின்மை. தாமதத்தை அளப்பது சுலபம் என்பதால் நாம் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறோம்: இத்தனை நிமிடம் வீணாயிற்று, இத்தனை லிட்டர் எரிபொருள் புகையாயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் மன அழுத்தத்தைப் புரிந்துகொள்ள இரண்டாவதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்கு ஒரு பழைய பரிசோதனை நன்றாக உதவும். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் நகரச் சத்தம் மனிதர்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார்கள். சிலருக்குச் சீரான இடைவெளியில் காதைப் பிளக்கும் சத்தம். சிலருக்கு அதே சத்தம், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாதபடி. சத்தம் நடக்கும்போது இரு தரப்பும் கொடுத்த வேலையை ஒருவாறு செய்து முடித்தன. வித்தியாசம் சத்தம் நின்ற பிறகு தெரிந்தது. எதிர்பாராத சத்தத்தைக் கேட்டவர்கள் பிழைதிருத்தும் வேலையில் அதிகம் கோட்டைவிட்டார்கள். கடினமான புதிர்களைச் சீக்கிரமே கைவிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு, வேண்டுமானால் சத்தத்தை நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தான் தரப்பட்டது. பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை. தொடாமலேயே அவர்களுக்குப் பின்விளைவு குறைந்தது. நிறுத்த முடியும் என்ற நினைப்பே பாதிச் சுமையை இறக்கிவிட்டது.

நெரிசலில் சிக்கிய பிள்ளைக்கு அந்தப் பொத்தான் கிடையாது.

பெரியவர்களின் பயணத்தைப் பற்றிய ஆய்வுகளும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன. கலிபோர்னியாவில் டேனியல் ஸ்டோகோல்ஸ், ரேமண்ட் நொவாக்கோ முதலியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வு, போக வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் சாலை போடும் தடையை உடலின் இறுக்கத்தோடு சேர்த்துப் பார்த்தது. பின்னர் கேரி எவன்ஸ், ரிச்சர்ட் வெனர் இருவரும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனின் அளவைச் சோதித்தார்கள். தங்கள் பயணத்தை நம்ப முடியாது என்று சொன்னவர்களுக்கு மன அழுத்தமும் கூடுதல், கார்டிசாலும் கூடுதல். (கார்டிசால் என்றாலே விஷம் என்பதுபோல எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. விழித்தெழுந்த அரை மணி, முக்கால் மணிக்குள் அது உச்சத்துக்குப் போவது உடலின் இயல்பு. அதுதான் நம்மை எழுந்து நடமாட வைக்கிறது. அது தணிய வேண்டிய நேரத்தில் தினமும் புதுப் பதற்றம் வந்து சேர்வதுதான் தொல்லை.)

இவை பெரியவர்களைப் பற்றியவை. பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம் என்று நினைக்கக் காரணம் உண்டு. வண்டி ஓட்டும் பெரியவர் வேறு தெருவில் திருப்பிப் பார்க்கலாம், அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லலாம், ஒன்றும் முடியாவிட்டால் ஹாரனையாவது அழுத்தலாம். பின்னிருக்கையில் இருப்பவனுக்கு அந்த அற்ப ஆறுதல்கூட இல்லை. எந்த வழி, எத்தனை மணிக்குக் கிளம்புவது, பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குவது என எதுவுமே அவன் தீர்மானித்ததல்ல. அவனால் முடிந்தது "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பது. மூன்றாவது தடவை கேட்டால் அதற்கும் திட்டு விழும்.

அந்தத் திட்டைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. நிற்கும் வாகனம் மூடிய சிறு அறை. ஓட்டுபவரின் எரிச்சலுக்கு அங்கே போக்கிடம் இல்லை. முன்னே நிற்கும் வண்டிக்காரரை வைதது போக மிஞ்சியது, தண்ணீர் பாட்டிலை மறந்த மகள் மீதோ காலுறையைத் தேடித் தாமதமாக்கிய மகன் மீதோ இறங்குகிறது. பிள்ளைகள் பெரியவரின் பிடரியைப் பார்த்தே மனநிலையைக் கணித்துவிடுவார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் பெற்றோரும் பிள்ளையும் தனியாகப் பேசக் கிடைக்கும் அரிய நேரம் இப்படித்தான் கசந்துபோகிறது.

பள்ளிக்குள் வந்த பிறகும் கதை முடிவதில்லை. சாலை எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம். பள்ளி மணி நீளாது. தாமதமாக வந்த பிள்ளையை வாசலில் நிறுத்திவைப்பது, பதிவேட்டில் குறிப்பது, அத்தனை பேர் திரும்பிப் பார்க்க வகுப்புக்குள் நுழைய வைப்பது எல்லாம் ஒழுங்கின் பெயரால் நடக்கின்றன. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அந்த நுழைவு பாடத்தில் ஐந்து நிமிடம் போனதைவிடப் பெரிய தண்டனை. தேர்வு நாளில் கேட்கவே வேண்டாம். தாமதத்துக்குக் காரணமானவர்களின் வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு முதல் தண்டனை என்பது விசித்திரமான நியாயம்.

நிச்சயமின்மைக்கு எல்லாக் குடும்பங்களும் கண்டுபிடித்திருக்கும் மருந்து ஒன்றே: சீக்கிரம் கிளம்பு. 30 நிமிடப் பயணத்துக்கு 50 நிமிடம் ஒதுக்கிவிட்டால் பெரும்பாலான நாள்களில் நேரத்துக்குப் போய்விடலாம். அந்த 20 நிமிடம் எங்கிருந்து வருகிறது? வீட்டுப்பாடம் குறைவதில்லை, இரவுச் சாப்பாடு முன்கூட்டி நடப்பதில்லை. தூக்கத்திலிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டும். அமெரிக்கப் பதின்பருவத்தினரின் அன்றாட நேரச் செலவைப் பார்த்த ஓர் ஆய்வில், பள்ளிப் பயணம் ஒரு நிமிடம் கூடினால் தூக்கம் 1.3 நிமிடம் குறைவதாகத் தெரிந்தது. கணக்கு சரிக்குச் சரியாகக்கூட இல்லை, வட்டியோடு போகிறது.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வகுத்த அளவுப்படி 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். பதின்பருவத்தில் உடலின் உள்கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. பத்து மணிக்குப் படு என்றால் அவர்களுக்குத் தூக்கம் வராது. அது பிடிவாதம் அல்ல, வளர்ச்சி. ஆகவே காலையில் வெட்டப்படும் நேரத்தை இரவில் ஈடுகட்ட முடியாது. தூக்கம் குறைந்தால் சிடுசிடுப்பு, மறதி, சின்ன விஷயத்துக்குக் கண் கலங்குதல் எல்லாம் வரும். மாலையில் பிள்ளை எரிந்து விழுந்தால் நாம் கைபேசியைக் குற்றம் சொல்கிறோம். காலைச் சாலையையும் சந்தேகிக்கலாம்.

பள்ளி வாகனத்தில் போகிறவர்களிடையே இந்தச் சுமை சமமாகப் பங்கிடப்படுவதில்லை. வழித்தடத்தின் முதல் நிறுத்தத்தில் ஏறும் பிள்ளை, வாகனம் ஒவ்வொரு தெருவிலும் நெரிசலுக்குள் நுழைந்து வெளியேறுவதை எல்லாம் அனுபவித்த பின்பே பள்ளியைப் பார்க்கிறது. மாலையிலும் அதே வழித்தடத்தில் வண்டி திரும்பி ஓடினால் கடைசியாக இறங்குவதும் அதே பிள்ளைதான். வழித்தடத்தை வரைபவர்கள் எரிபொருளையும் மொத்தத் தூரத்தையும் பார்க்கிறார்கள். ஒரே பிள்ளை இரு முனையிலும் மாட்டிக்கொள்கிறதே என்று பார்ப்பவர் அபூர்வம். காலையில் முதலில் ஏறியவரை மாலையில் முதலில் இறக்கும்படி சுற்றை மாற்றினாலே பாதி நியாயம் செய்ததாகும்.

உடல் படும் அவஸ்தையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, கொஞ்சம் அசிங்கமாகத் தோன்றுவதாலோ என்னவோ. நெரிசலில் எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்று தெரியாததால், பிள்ளைகள் சிறுநீர் கழிக்க முடியாமல் போகுமோ என்று பயந்து காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புவதுண்டு. நீர்ச்சத்துக் குறைந்த உடலுக்குத் தலைவலியும் சோர்வும் கவனச் சிதறலும் சொல்லாமல் வரும். அடக்கிவைத்துப் பழகுவது சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் வழிவகுக்கும். மாதவிடாய் நாள்களில் மாணவிகளின் பாடு தனி. இதோடு குமட்டல். பயணக் குமட்டல் பள்ளி வயதில்தான் உச்சத்தில் இருக்கும். சீராக ஓடும் வண்டியைவிட நகர்ந்து, நின்று, மறுபடி நகரும் வண்டி வயிற்றைப் புரட்டும். குனிந்து புத்தகமோ திரையோ பார்த்தால் இன்னும் மோசம். கண் அசைவில்லை என்கிறது, உள்காது அசைகிறது என்கிறது, மூளை குழம்புகிறது. "சும்மா உட்காராதே, வண்டியிலேயே படி" என்ற அறிவுரை இந்தக் காரணத்தால் பல பிள்ளைகளுக்குப் பொருந்தாது. படிக்கச் சொன்னவர் ஒருநாள் பின்னிருக்கையில் உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும்.

இனி காற்றும் சத்தமும். பார்சிலோனா நகரில் 39 பள்ளிகளைச் சேர்ந்த, 7 முதல் 10 வயதுக்குட்பட்ட 2,715 பிள்ளைகளை ஓராண்டு தொடர்ந்து சோதித்த ஆய்வு 2015இல் வெளியானது. கையிலிருக்கும் தகவலை மனத்தில் நிறுத்திக் கணக்குப் போடும் திறனைச் செயல்நினைவு என்பார்கள். அது இந்த வயதில் வேகமாக வளரும். போக்குவரத்து மாசு குறைந்த பள்ளிகளில் ஓராண்டில் அது 11.5 சதவீதம் வளர்ந்தது. மாசு மிகுந்த பள்ளிகளில் 7.4 சதவீதம்தான். அதே நகரில் 38 பள்ளிகளில் சாலைச் சத்தத்தை அளந்த அடுத்த ஆய்வு 2022இல் வந்தது. வெளிச் சத்தம் 5 டெசிபல் கூடிய பள்ளிகளில் செயல்நினைவின் வளர்ச்சி சராசரியைவிட 11.4 சதவீதம் மந்தமாக இருந்தது. என்னை நிறுத்தியது இன்னொரு முடிவு: வகுப்பறைக்குள் மொத்தச் சத்தத்தின் சராசரியைவிட, திடீரென ஏறி இறங்கும் சத்தமே அதிகம் குலைக்கிறதாகத் தோன்றியது. மறுபடியும் நிச்சயமின்மை. சீராக இரையும் சாலையைக் காது ஒருவழியாக ஒதுக்கிவிடும். நெரிசல் அப்படி இரைவதில்லை. அது ஹாரனும் பிரேக்கும் உறுமலுமாக விட்டுவிட்டுத் தாக்கும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வேறொரு விதமாகப் பார்த்தார்கள். நெடுஞ்சாலைக்கு அருகே இருக்கும் பள்ளிகளில் சில, காற்று சாலையிலிருந்து அடிக்கும் பக்கத்தில் இருக்கின்றன, சில எதிர்ப்பக்கத்தில். இரண்டும் சாலைக்குப் பக்கம்தான். ஆனால் புகை வந்து சேரும் பக்கத்துப் பள்ளிக்கு மாறிய பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்தது, நடத்தைச் சிக்கல்களும் விடுப்புகளும் கூடின. கலிபோர்னியா 2003லேயே பரபரப்பான நெடுஞ்சாலையிலிருந்து 500 அடிக்குள் புதிய பள்ளி கட்டுவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது.

இந்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுவதும் தவறு. சாலையோரம் வசிப்பவர்களும் தொலைவிலிருந்து வருபவர்களும் பெரும்பாலும் வசதி குறைந்த குடும்பத்தினர். வசதிக் குறைவுக்கே தனி அழுத்தங்கள் உண்டு. ஆய்வாளர்கள் அதைக் கழித்துப் பார்க்க முயல்கிறார்கள், ஆனால் முழுதாகக் கழிப்பது கடினம். முடிவுகளும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. மூன்று ஐரோப்பிய நாடுகளில் விமான நிலையங்களை ஒட்டிய பள்ளிகளை ஆராய்ந்து 2005இல் வெளியான பெரிய ஆய்வில் விமானச் சத்தம் வாசிப்புத் திறனைப் பாதித்தது, சாலைச் சத்தம் வாசிப்பைப் பாதித்ததாகத் தெரியவில்லை. நெரிசல் ஒரு பிள்ளையின் துன்பத்துக்கெல்லாம் காரணம் என்று எழுதிவிடலாம், படிக்க விறுவிறுப்பாக இருக்கும், உண்மையாக இருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பள்ளி வாகனத்துப் பயணம் சில பிள்ளைகளுக்கு நாளின் இனிய பகுதி. ஆசிரியரும் இல்லை, பெற்றோரும் இல்லை. மூத்த வகுப்புப் பிள்ளைகளின் கதைகள், சன்னலோர இருக்கைக்கான சண்டை, பாதியில் நின்ற பாட்டு. அங்கே நெரிசல் இருந்தாலும் வலிப்பதில்லை, ஏனென்றால் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதே வாகனம் அதே நெரிசலில் காலையில் நரகமாகவும் மாலையில் விளையாட்டாகவும் இருப்பதை எந்தப் பிள்ளையும் சொல்லும். காலையில் மட்டும்தான் முன்னால் பள்ளி மணி இருக்கிறது. அடி வாங்கிய பிள்ளைக்கும் கேலிக்கு ஆளான பிள்ளைக்கும் அந்த வாகனமே பூட்டிய கூண்டாகிவிடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். நின்றுபோன வண்டியிலிருந்து இறங்கி நடந்துவிட முடியாது.

நெரிசலுக்குப் பள்ளிகளே ஒரு காரணம் என்பது கதையின் சங்கடமான திருப்பம். சாலை பயமுறுத்துகிறது, ஆகவே பிள்ளையை நடக்க விடாமல் வண்டியில் ஏற்றுகிறோம். அந்த வண்டி சாலையை இன்னும் பயங்கரமாக்குகிறது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டாரும் வண்டி எடுக்கிறார்கள். இங்கிலாந்தில் 1971இல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள் என்றும், 1990இல் அது 9 சதவீதமாகச் சரிந்துவிட்டது என்றும் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். அமெரிக்காவில் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனவர்கள் 1969இல் 48 சதவீதம், 2009இல் 13 சதவீதம்.

போனது உடற்பயிற்சி மட்டும் அல்ல. டென்மார்க்கில் 2012இல் ஏறக்குறைய 20,000 மாணவர்கள் பங்கெடுத்த பெருஞ்சோதனையில், நடந்தும் சைக்கிளிலும் வந்தவர்கள் கவனக் குவிப்புத் தேர்வில் மேலாகச் செய்தார்கள். பலன் பள்ளி தொடங்கிப் பல மணி நேரம் நீடித்தது. கலிபோர்னியாவில் புரூஸ் ஆப்பிள்யார்ட் என்ற நகரத் திட்டமிடல் ஆய்வாளர் பிள்ளைகளைத் தங்கள் பகுதியை வரைபடமாக வரையச் சொன்னார். கூட்டமான சாலைகளில் எங்கும் காரிலேயே அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளுக்குப் பல சமயம் தெருக்களை இணைத்து வரையவே தெரியவில்லை. நடந்து திரிந்தவர்கள் மரங்களையும் நண்பர் வீடுகளையும் விளையாடும் இடங்களையும் குறித்தார்கள். தானே வழி கண்டுபிடித்துப் பள்ளிக்குப் போய்ச் சேரும் பிள்ளைக்கு, முன்னே சொன்ன பொத்தான் கையில் இருக்கிறது. நேரமானால் வேகமாக நடக்கலாம், குறுக்குச் சந்தில் புகலாம், ஓடலாம்.

சரிசெய்ய முடியாததல்ல இது. இத்தாலியின் போல்ட்சானோ நகரம் 1989 முதலே, பள்ளி தொடங்கும் முடியும் வேளைகளில் வாசல் தெருவுக்குள் வாகனங்களை விடாமல் தடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்று லண்டன், பாரிஸ் உட்படப் பல நகரங்கள் அதைப் பின்பற்றுகின்றன. வாசலில் புகையும் ஹாரனும் குறைவது உடனடிப் பலன். கடைசி சில நூறு அடியையாவது பிள்ளை தன் காலால் நடப்பது இன்னொன்று. சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7:50இலிருந்து 8:45க்குத் தள்ளியது. மாணவர்கள் அந்த நேரத்தைக் கூடுதலாக விழித்திருந்து வீணாக்குவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். கருவி கட்டி அளந்தபோது தூக்கம் தினமும் 34 நிமிடம் கூடியிருந்தது. கலிபோர்னியாவில் 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் பொதுவாக 8:30க்கு முன் தொடங்கக் கூடாது. நேரத்தை மாற்றினால் பெற்றோரின் வேலை நேரம் இடிக்கும், வாகனங்களின் சுற்று குலையும் என்ற ஆட்சேபங்கள் பொய்யல்ல. அதனால்தான் இது பள்ளி மட்டும் எடுக்கக்கூடிய முடிவாக இருப்பதில்லை.

நியூயார்க்கில் ஒரு பள்ளியின் பக்கமாக மேம்பால ரயில் ஓடியது. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், தண்டவாளப் பக்கத்து வகுப்புகளின் பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்கத்தாரைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் இடைவெளி ஏறக்குறைய ஓராண்டு. பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பொருத்தினார்கள், வகுப்பறைகளில் ஒலி உறிஞ்சும் கூரை அமைத்தார்கள். 1981இல் வெளியான அடுத்த ஆய்வில் இரு பக்கமும் சமமாகிவிட்டிருந்தன. ரயில் நிற்கவில்லை, பள்ளி இடம்பெயரவில்லை.

தெருவையும் மணியையும் மாற்ற அதிகாரம் இல்லாத தலைமையாசிரியரும் நாளையே செய்யக்கூடியது ஒன்றுண்டு. தாமதப் பதிவேட்டில் வாகனம் தாமதித்ததற்குத் தனிப் பத்தி போட்டு, அதைப் பிள்ளையின் கணக்கில் சேர்க்காமல் இருக்கலாம். ஒரு மாதம் அதைப் பார்த்தால் எந்த வழித்தடம், எந்தக் கிழமை, எந்தப் பிள்ளைகள் என்பது தானாகத் தெரிந்துவிடும். முதல் பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தில் புதுப் பாடமோ தேர்வோ வைக்காமல், யார் எப்போது வந்தாலும் சத்தமில்லாமல் உட்கார்ந்து சேர்ந்துகொள்ளக்கூடிய வாசிப்பை வைக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் வண்டியிலிருந்து இறங்கிய பிள்ளை யாரிடமும் அனுமதி கேட்காமல் கழிப்பறைக்குப் போய்வரலாம், காலையிலிருந்து குடிக்காமல் வைத்திருந்த தண்ணீரைக் குடிக்கலாம்.